அறியும் உரிமையும் அரசியலமைப்பும்

மக்களாட்சியில் அரசின் அதிகாரம் மக்களிடமிருந்தே பிறக்கின்றது. மக்கள் அளித்த அதிகாரத்தைக் கொண்டும் மக்கள் செலுத்திய வரியைக் கொண்டும் நடைபெறும் கருமங்களின் ஏடுகள் அம்மக்களுக்கே மறைபொருளாதல் முறையாகாது. மன்னன் குடிகளால் எளிதிற் காணத்தக்கவனாதல் வேண்டுமென வள்ளுவர் இறைமாட்சியின்கண் வைத்துக் கூறினார். முடியாட்சியில் அஃது ஆள்வோனின் குணம். குடியாட்சியிலோ அது குடிமகனின் உரிமையாதல் வேண்டும்.

சுவீடன் நாடு 1766 ஆம் ஆண்டிலேயே அச்சுச் சுதந்திரச் சட்டத்தின் வாயிலாக அரச ஆவணங்களைக் குடிகள் பார்வையிட வழிசெய்தது. இலங்கையில் இவ்வுரிமை நெடுங்காலத்தின் பின்னரே வந்தெய்தியது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பேச்சுச் சுதந்திரத்தை அளித்ததாயினும், தகவல் பெறும் உரிமையைத் தனியே குறிப்பிடவில்லை. கொழும்புக் காலிமுகத்திடலைத் தனியார் கம்பனியொன்றிடம் ஒப்படைப்பது பற்றிய விபரங்களைச் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனமொன்று கோரியபோது, நகர அபிவிருத்தி அதிகாரசபை அவற்றை வழங்க மறுத்தது. இவ்வழக்கில் 2005 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், பேச்சுச் சுதந்திரம் பயனுடையதாதற்குப் பொதுவிடயங்கள் பற்றிய தகவலைப் பெறும் உரிமையும் அதனுள் அடங்கியிருத்தல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அறியாதவன் பேசும் பேச்சு ஆட்சியைத் திருத்தாது என்பதே இதன் உட்கிடை.

2015 ஆம் ஆண்டின் 19 ஆம் திருத்தம் 14அ என்னும் உறுப்புரையைச் சேர்த்து, இவ்வுரிமையை வெளிப்படையான அடிப்படை உரிமையாக்கியது. இதனால் விளைந்த பயன்கள் இரண்டு. தேசிய பாதுகாப்பு, பிறர் அந்தரங்கம், நீதித்துறையின் நடுவுநிலை முதலாக அவ்வுறுப்புரை கூறும் காரணங்களுக்காகவன்றிப் பிறவற்றுக்காக இவ்வுரிமையைச் சட்டத்தாற் குறைத்தலாகாது என்பது ஒன்று. நிருவாகச் செயலால் உரிமை மீறப்படுமிடத்துக் குடிமகன் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நேரே நாடலாம் என்பது மற்றொன்று.

உரிமையை நடைமுறைப்படுத்த எழுந்தது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். இது 2017 பெப்ரவரி 3 ஆம் நாள் முதல் செயற்படலாயிற்று. தகவல் வேண்டுவோர் தாம் எதன்பொருட்டுக் கேட்கின்றனர் என்று கூற வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்பின், தகவல் அலுவலரே அதனை எழுத்தில் ஆக்குதல் வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவு கூறுதல் வேண்டும். கேட்பவரின் உயிர், உடற்சுதந்திரம் பற்றிய தகவலாயின் 48 மணித்தியாலத்துள் விடையளித்தல் வேண்டும். மறுக்கப்பட்டவர் முதலிற் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர்த் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும், அதன்மேல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திடமும் முறையிடலாம்.

எல்லாத் தகவலும் வெளியிடத்தக்கன அல்ல. எனினும், விலக்களிக்கப்பட்ட தகவலாயினும் அதனை வெளியிடுவதால் வரும் பொதுநலம் தீங்கினும் மிகுமாயின் மறுத்தலாகாது என்பது சட்டத்தின் கட்டளை. ஓர் ஆவணத்தின் ஒரு பகுதியே மறைக்கத்தக்கதாயின், எஞ்சிய பகுதியை வழங்குதல் வேண்டும். ஆகவே முன்னர்க் கேட்பவன் தன் கேள்விக்குக் காரணங் கூறவேண்டியிருந்த நிலை மாறி, இன்று மறுப்பவனே காரணங் கூறவேண்டியவனாகின்றான்.

இனிக் குடிமகனின் கடமை யாது? சட்டம் வழங்குவது ஆவணத்தையேயன்றி அலுவலரின் அபிப்பிராயத்தையன்று. "எமது வீதி ஏன் திருத்தப்படவில்லை?" என வினவுவோர்க்குத் தெளிவான விடை கிடைத்தல் அரிது. அவ்வீதிக்கு ஒதுக்கப்பட்ட தொகை, மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவுப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைக் கேட்போரோ, காரணத்தைத் தாமே கண்டுகொள்வர். இவ்வாறு நுணுகிக் கேட்கும் ஆற்றல் கல்வியாலேயே வாய்ப்பது. அதனை மாணவர்க்குப் பயிற்றாவிடின், அரசியலமைப்பு அளித்த உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.