மணிக்கு 150 எரிகற்கள்... எங்கே?

டிசம்பர் பிறந்தால் போதும், ‘மணிக்கு 150 எரிகற்கள் பொழியும்’ என்று தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும் ஆசை காட்டும். அதை நம்பி மொட்டைமாடி ஏறுகிறவர்கள், கால் மணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்து வலியோடு இறங்கிவிடுகிறார்கள். வானம் யாரையும் ஏமாற்றவில்லை. கோளாறு அந்தக் கணக்கைப் படிப்பதில் இருக்கிறது.

150 என்பது லட்சிய எண். பொழிவு கிளம்பும் புள்ளி தலைக்கு நேர்மேலே இருக்க வேண்டும். நிலவோ விளக்கோ குறுக்கிடக் கூடாது. மிக மங்கலான நட்சத்திரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்லாம் கூடிவந்தால் ஒருவர் பார்க்கக்கூடிய எண்ணிக்கை அது. தெருவிளக்குகள் சூழ்ந்த சென்னையில் மணிக்குப் பத்து தெரிந்தாலே பெரிது. ஜவ்வாது மலையின் காவலூர்ப் பக்கம் போனால் கதையே வேறு. வைணு பாப்பு வானாய்வகம் அங்கே அமைந்ததற்கு அந்த இருட்டும் ஒரு காரணம்.

டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டி உச்சம் தொடும் இந்த ஜெமினிட்ஸ் பொழிவு, மிதுன ராசியின் காஸ்டர் நட்சத்திரத்துக்கு அருகிலிருந்து கிளம்புவதுபோல் தெரியும். அந்த ராசி இரவு ஒன்பது மணிக்கே கிழக்கில் ஏறிவிடும். இரண்டு மணி வாக்கில் நமக்கு ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடும். ஆகஸ்ட் மாத பெர்சீட்ஸ் பொழிவோ வடக்கே தாழ்வாகவே நிற்பதால், தமிழகத்துக்குக் கிடைக்கும் பங்கு குறைவு.

வேகத்திலும் இது நமக்கு அனுகூலம். பெர்சீட்ஸ் துகள்கள் நொடிக்குச் சுமார் 59 கிலோமீட்டர் வேகத்தில் பாயும், ஜெமினிட்ஸுக்கு 35தான். ‘அதோ’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டக்கூட சில சமயம் அவகாசம் கிடைக்கும்.

எரிகல் பொழிவுகள் பெரும்பாலும் வால்மீன்கள் விட்டுச்சென்ற தூசியால் வருபவை. ஜெமினிட்ஸின் தாய் யார் என்பது மட்டும் நெடுநாள் புதிராக இருந்தது. 1983-ல் ஐராஸ் செயற்கைக்கோள் ஒரு சிறுகோளைக் கண்டது. அதன் பாதையும் இந்தத் தூசியின் பாதையும் ஒன்றே என்று வானியலாளர் ஃப்ரெட் விப்பிள் சுட்டிக்காட்டினார். ஃபேத்தான் எனப் பெயர் பெற்ற அந்தப் பாறையின் அகலம் ஐந்தாறு கிலோமீட்டர். 524 நாளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. அப்போது சுமார் 2.1 கோடி கிலோமீட்டர் வரை, புதன் கோளைவிடவும் அருகே நெருங்கி வெந்து திரும்புகிறது. அந்தச் சமயத்தில் அதற்கு ஒரு சிறு வாலும் முளைக்கிறது. ஆனால் அது தூசி அல்ல, சோடியம் வாயு என்று 2023-ல் வெளியான ஆய்வு சொன்னது. அப்படியானால் இவ்வளவு தூசியும் எப்போது, எப்படிச் சிதறியது? விவாதம் தொடர்கிறது.

பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். அதன் குறுகிய பார்வை இதற்கு இடைஞ்சல். பாய் விரித்து மல்லாந்து படுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். நடுவில் செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மலையில் நள்ளிரவுக்குமேல் பனி இறங்கும். கம்பளியும் குல்லாவும் பிளாஸ்க்கில் சுக்குக் காபியும் அவசியம். நமக்குக் குளிரைவிடப் பெரிய எதிரி வடகிழக்குப் பருவமழை மேகம். ஒரே இரவை நம்பாமல், முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துத் திட்டமிடுவது நல்லது.

கால் மணிக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள். சர்வதேச எரிகல் அமைப்பு, வெறுங்கண்ணால் எண்ணுகிற ஆர்வலர்களின் குறிப்புகளையும் உலகெங்கிலுமிருந்து வாங்கித் தொகுக்கிறது. தொடங்க 2026 தோதான ஆண்டு: டிசம்பர் 9 அமாவாசை. 13, 14 தேதிகளில் இளம்பிறை முன்னிரவிலேயே மறைந்துவிடும். அதற்குப் பின் விடியும்வரை இருட்டு முழுக்க உங்களுடையது.