பொருளும் வரவில்லை, பணமும் வரவில்லை

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். கிள்ளானில் வாழும் அக்குடும்பத்தின் தாயார், துறைமுகப் பகுதியில் உள்ள ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். மிகைநேர வேலையில் கிடைத்த பணத்திலிருந்து 96 ரிங்கிட்டை எடுத்து, இளைய மகளுக்குத் தீபாவளிப் பாவாடை சட்டை வாங்குமாறு மூத்த மகளிடம் கூறுகிறார். படிவம் நான்கில் பயிலும் அம்மாணவி, அக்டோபர் 1ஆம் நாள், ஒரு கடையின் இணையத்தளத்தில் அந்த உடையைத் தேர்ந்தெடுக்கிறாள். அம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் உடனே செலுத்தப்படுகிறது. ‘ஏழு நாள்களுக்குள் வீடு வந்து சேரும்’ என்று அத்தளம் உறுதி கூறுகிறது.

ஏழு நாள்கள் கடந்தன, உடை வரவில்லை. அக்டோபர் 13ஆம் நாள், ‘பெறுநர் வீட்டில் இல்லை, பொட்டலத்தை வழங்க இயலவில்லை’ என்று திறன்பேசியில் ஒரு தகவல் வந்தது. அன்று முழுவதும் பாட்டி வீட்டில்தான் இருந்தார். அழைப்பு மணி ஒலிக்கவில்லை; தொலைபேசி அழைப்பும் வரவில்லை. நான்கு நாள் கழித்து, ‘பொட்டலம் அனுப்புநரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது’ என்ற தகவல் வந்தது. கடைக்காரரைக் கேட்டால், “விரைவஞ்சல் நிறுவனத்தைக் கேளுங்கள்,” என்கிறார். விரைவஞ்சல் நிறுவனமோ, “அனுப்பியவரைக் கேளுங்கள்,” என்கிறது. பண்டிகை நெருங்கிவிட்டதால், ஜாலான் தெங்கு கிளானாவில் உள்ள ஒரு துணிக்கடையில் வேறோர் உடை வாங்க வேண்டியதாயிற்று.

“போனால் போகிறது, விடம்மா. 96 வெள்ளிக்காக யாரோடு சண்டை போடுவது?” என்றார் தாயார்.

நம்மில் பலர் இப்படித்தான் விட்டுவிடுகிறோம். ஆனால், பணத்தைத் திரும்பக் கேட்பது சண்டையா? அதனை எப்படிக் கேட்பது? இவற்றைக் காண்போம்.

பணம் முன்னே, பொருள் பின்னே

தொலைவில் இருக்கும் கடையிலிருந்து பொருள் வாங்குவது புதிய பழக்கம் அன்று. இந்தியாவில் 1877இல் ‘வி.பி.பி.’ என்னும் அஞ்சல் முறை அறிமுகமானது. புத்தகம், மருந்து, கைக்கடிகாரம் போன்ற பொருள்களை வணிகர் அஞ்சலில் அனுப்புவார். அஞ்சல்காரர் அப்பொருளை வீட்டுக்குக் கொண்டு வந்து, விலையைப் பெற்றுக்கொண்ட பின்னரே ஒப்படைப்பார். அந்தப் பணம் அஞ்சல் துறை வழியாக வணிகரைச் சென்றடையும். வாங்குபவர் வீட்டில் இல்லையென்றால் பொட்டலம் அனுப்பியவரிடமே திரும்பிவிடும். அஞ்சல் செலவு வணிகருக்கு இழப்பாகலாம். ஆனால், வாங்குபவரின் பணம் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும்.

இயங்கலை வணிகத்தில் இந்த வரிசை பெரும்பாலும் மாறிவிட்டது. நாம் முதலில் பணம் செலுத்துகிறோம். பொருள் பிறகுதான் புறப்படுகிறது. பொட்டலம் வழியிலேயே திரும்பிவிட்டால், பொருளும் விற்பனையாளரிடம் இருக்கிறது. பணமும் அவரிடமே இருக்கிறது. இரண்டையும் ஒருவரே வைத்திருப்பது நியாயமாகாது. ஆகவே, பணத்தைத் திரும்பக் கேட்பது சலுகை கேட்பதாகாது. முடிவடையாத ஒரு வணிகத்தை முறையாக முடித்து வைக்கும்படி கேட்பதாகும்.

யாரிடம் கேட்பது?

நாம் பணம் கொடுத்தது விற்பனையாளரிடம். விரைவஞ்சல் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, பொட்டலத்தை அதனிடம் ஒப்படைத்தவரும் அவரே. அந்த நிறுவனத்தின் சேவையில் குறை இருந்தால், அதை விசாரிக்க வேண்டிய முதல் கடமை அவருக்கு உண்டு. எனவே, நம் கோரிக்கை முதலில் விற்பனையாளருக்கே செல்ல வேண்டும். விரைவஞ்சல் நிறுவனத்திடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பொட்டலம் எந்த நாளில், என்ன காரணத்தால் திருப்பப்பட்டது என்னும் விவரம். நம் நாட்டில் விரைவஞ்சல் நிறுவனங்கள் அஞ்சல் சேவைச் சட்டம் 2012இன் கீழ் உரிமம் பெற்று இயங்குகின்றன. அவற்றின் சேவை பற்றிய புகாரை மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் தெரிவிக்கலாம்.

இங்கே நாமும் நேர்மையாக இருக்க வேண்டும். வீட்டு எண்ணைத் தவறாக எழுதியது நாமாக இருக்கலாம். விரைவஞ்சல் ஊழியர் பலமுறை அழைத்தும் நாம் எடுக்காமல் இருந்திருக்கலாம். அப்படியானால், அஞ்சல் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதாக விற்பனையாளர் கூறுவதில் நியாயம் உண்டு. பிறர் தவற்றைச் சுட்டும் முன் நம் பக்கத்தைச் சரிபார்ப்பது முதற்படியாகும்.

சான்றுகளைத் திரட்டுவோம்

“நான் சொல்வது உண்மை,” என்று கூறினால் மட்டும் போதாது. அதனைக் காட்டும் சான்றுகள் வேண்டும். அம்மாணவி கீழ்க்காணும் ஐந்தையும் ஒரே கோப்பில் சேர்த்தாள்.

முதலாவது, வாங்கியதை உறுதிப்படுத்தும் மின்னஞ்சல். அதில் கொள்முதல் எண், பொருளின் பெயர், விலை, கொடுத்த முகவரி ஆகியவை இருந்தன. இரண்டாவது, பணம் செலுத்தியதைக் காட்டும் வங்கிப் பற்றுச்சீட்டு. மூன்றாவது, ‘ஏழு நாள்களுக்குள்’ என்று உறுதி கூறிய பக்கத்தின் திரைப்படம். இத்தகைய பக்கங்கள் பின்னர் மாற்றப்படலாம் என்பதால், அதனை உடனே படம் பிடித்து வைப்பது நல்லது. நான்காவது, பொட்டலத்தின் பயண விவரம். எந்த நாளில் எங்கே இருந்தது, எப்போது திரும்பியது என்பதை அது காட்டும். ஐந்தாவது, கடைக்காரருடன் புலனத்தில் நிகழ்ந்த உரையாடல்.

அவள் மேலும் ஒன்று செய்தாள். அக்டோபர் 13ஆம் நாளின் தொலைபேசி அழைப்புப் பட்டியலையும் படம் பிடித்துக்கொண்டாள். விரைவஞ்சல் ஊழியரிடமிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை என்பதற்கு அது சான்றாயிற்று. தொலைபேசியில் பேசியதை விட, எழுத்தில் உள்ளதே பின்னர் உதவும்.

கேட்கும் முறை

கோபத்தில் எழுதிய பத்து வரிகளை விட, தெளிவாக எழுதிய ஐந்து வரிகள் வலிமையானவை. என்ன வாங்கினோம், என்ன உறுதி தரப்பட்டது, என்ன நடந்தது, என்ன வேண்டும், எந்த நாளுக்குள் வேண்டும் என்னும் ஐந்து கேள்விகளுக்கும் விடை இருந்தால் போதும். அம்மாணவி தாயாரின் பெயரில் எழுதிய மின்னஞ்சல் இது:

“ஐயா, வணக்கம். அக்டோபர் 1ஆம் நாள் தங்கள் இணையத்தளத்தில் சிறுமியர் பாவாடை சட்டை ஒன்றை, அஞ்சல் செலவு உட்பட 96 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். அது ஏழு நாள்களுக்குள் வந்து சேரும் எனத் தாங்கள் உறுதி கூறியிருந்தீர்கள். பொருள் என்னிடம் வந்து சேரவில்லை. அக்டோபர் 17ஆம் நாள் அது தங்களிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டதாகப் பயண விவரம் காட்டுகிறது. நான் கொடுத்த முகவரி சரியானது. எனக்கு எவ்வித அழைப்பும் வரவில்லை. பண்டிகைக்காக வேறு உடை வாங்கிவிட்டதால், பொருளை மீண்டும் அனுப்ப வேண்டாம். இம்மின்னஞ்சல் கிடைத்த ஏழு நாள்களுக்குள் 96 ரிங்கிட்டை என் வங்கிக் கணக்கில் திரும்பச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். சான்றுகளை இணைத்துள்ளேன். நன்றி.”

இதில் வசைச்சொல் இல்லை, மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. நாள்களும் தொகையும் மட்டுமே பேசுகின்றன.

சில விற்பனையாளர்கள் பணத்திற்குப் பதிலாகப் பற்றுச்சீட்டு தருவதாகவும், அதனைக் கொண்டு அடுத்த முறை பொருள் வாங்கிக்கொள்ளலாம் எனவும் கூறுவர். நமக்கு விருப்பமிருந்தால் ஏற்கலாம். விருப்பம் இல்லையெனில், “நன்றி, எனக்குப் பணமே வேண்டும்,” என்று பணிவுடன் மறுக்கலாம்.

மறுத்தால் என்ன செய்வது?

பல விற்பனையாளர்களைக் கொண்ட இணைய அங்காடியில் வாங்கியிருந்தால், வழி சற்று எளிது. அத்தகைய அங்காடிகள் பலவற்றில், பொருள் கிடைக்கும்வரை பணத்தை விற்பனையாளருக்குத் தராமல் நிறுத்தி வைக்கும் ஏற்பாடு உண்டு. ஆகவே, பொருள் கைக்கு வராமல் ‘பெற்றுக்கொண்டேன்’ என்னும் பொத்தானை அழுத்தக் கூடாது. செயலி குறிப்பிடும் காலக்கெடு முடியும் முன்னரே பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். காலம் கடந்தால் பணம் விற்பனையாளருக்குச் சென்றுவிடும்.

கடன் அட்டையில் பணம் செலுத்தியிருந்தால், அட்டை வழங்கிய வங்கியிடம் அந்தக் கட்டணத்தை மறுத்து முறையிடலாம். இதற்கும் காலக்கெடு உண்டு; தாமதிக்கக் கூடாது. வங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்பிய பணத்தை இவ்வாறு மீட்பது கடினம்.

இவ்வழிகள் எதுவும் பயன் தராவிட்டால், சட்டம் துணை நிற்கிறது. மலேசியாவில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 நடைமுறையில் உள்ளது. 2007இல் செய்யப்பட்ட திருத்தத்தின்வழி, இயங்கலையில் நடக்கும் வணிகமும் அச்சட்டத்தின் கீழ் வந்தது. அச்சட்டம் அமைத்துத் தந்ததுதான் பயனீட்டாளர் நடுவர் மன்றம். சிறிய தொகைக்காக நீதிமன்றம் செல்ல இயலாத மக்களுக்காகவே இம்மன்றம் இயங்குகிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. கோரிக்கைத் தொகை 50,000 ரிங்கிட்வரை இருக்கலாம். வாங்குபவரும் விற்பவரும் தாமே முன்னின்று பேசுவர். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மன்றம் முதலில் இரு தரப்பினரும் இணங்கிப் போக உதவும். இணக்கம் ஏற்படாவிட்டால் விசாரித்துத் தீர்ப்பளிக்கும். தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றமாகும்.

அம்மன்றத்தில் முன்வைக்க வேண்டியவையும் அந்த மாணவி திரட்டிய அதே ஐந்து சான்றுகள்தாம் என்பதைக் கவனியுங்கள்.

தாமதம் வேறு, மோசடி வேறு என்பதையும் அறிந்திருக்க வேண்டும். விற்பனையாளரின் தொலைபேசி எண் செயல்படவில்லை, இணையத்தளமே மறைந்துவிட்டது என்றால் அது மோசடியாக இருக்கலாம். அப்போது உடனே வங்கியையும், 997 என்னும் எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தையும் அழைக்க வேண்டும். ‘உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், வங்கி அனுப்பிய இரகசிய எண்ணைக் கூறுங்கள்’ என்று எவரேனும் கேட்டால், அதனை ஒருபோதும் கூறக் கூடாது. பணம் தருவதற்கு நம் கணக்கு எண் போதும். இரகசிய எண் தேவையில்லை.

வாங்கும் முன்னரே

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. இயங்கலையில் பணம் செலுத்துவதற்கும் இது பொருந்தும். இயங்கலை வணிகத்திற்கென வகுக்கப்பட்ட விதிமுறைகள் 2013 ஜூலை 1 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தன. 2024இல் அவை புதுப்பிக்கப்பட்டன. விற்பனையாளர் தம் பெயர், வணிகப் பதிவு எண், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், பொருளின் தன்மை, அஞ்சல் செலவு உட்பட முழு விலை, பணம் செலுத்தும் முறை, நிபந்தனைகள், பொருள் வந்து சேரும் காலம் ஆகியவற்றை வெளிப்படையாகக் கூற வேண்டும் என்று விதிமுறைகள் வலியுறுத்துகின்றன. இவற்றைக் காட்டாத கடையில் வாங்காமல் இருப்பதே நன்று. பெயரும் முகவரியும் தெரியாத ஒருவர்மீது மன்றத்தில் மனுச் செய்வது எப்படி?

குறிப்பிட்ட நாளுக்குள் பொருள் தேவையென்றால், அதனை வாங்கும்போதே எழுத்தில் தெரிவிப்பது நல்லது. ‘தீபாவளிக்குத் தேவை, அக்டோபர் 15ஆம் நாளுக்குள் வர வேண்டும்’ என்னும் ஒரு வரி போதும். காலம் முக்கியம் என இரு தரப்பினரும் கருதிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ஒருவர் குறித்த காலத்தில் தம் கடமையைச் செய்யத் தவறினால், மற்றவர் அதிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டம் 1950இன் 56ஆம் பிரிவு. அந்த ஒரு வரிக்கு அத்துணை வலிமை உண்டு.

மின்னஞ்சல் அனுப்பிய ஆறாம் நாள், அம்மாணவியின் தாயாரது கணக்கில் 96 ரிங்கிட் திரும்ப வந்து சேர்ந்தது என வைத்துக்கொள்வோம். அது பெருந்தொகை அன்று; ஆனால், கிடங்கில் ஒரு தாய் கூடுதலாக உழைத்த மணிநேரங்களின் விலை அது. அதனைச் சண்டையிட்டு வாங்கவில்லை. சான்றுகளோடு கேட்டு வாங்கினார்கள். நாம் ஒவ்வொருவரும் இப்படிக் கேட்கத் தொடங்கினால், அடுத்த வீட்டுப் பொட்டலத்தை அனுப்பும்போது விற்பனையாளரும் சற்று அதிகக் கவனம் கொள்வார்.