மண் மூடும் முன் ஒருமுறை பாருங்கள்

சொந்த வீடு கட்டும்போது தரைக்கு என்ன டைல்ஸ், சமையலறைக்கு என்ன கேபினட் என்று மாதக்கணக்கில் யோசிப்போம். அஸ்திவாரத்தை மட்டும் ‘அது குத்தகையாளர் வேலை’ என்று விட்டுவிடுவோம். டைல்ஸ் பிடிக்காவிட்டால் பெயர்த்துவிட்டு வேறு போடலாம். அஸ்திவாரத்தை அப்படி மாற்ற முடியாது. அது கண்ணில் படுவதே சில நாள்தான்.

பினாங்குத் தீவில் மண் இடத்துக்கு இடம் மாறும். ஆயர் ஈத்தாம் போன்ற மலையடிவாரங்களில் கருங்கல் சிதைந்து உருவான மண். ஜோர்ஜ்டவுன், ஜெலுத்தோங் கரையோரங்களில் மென்மையான களிமண். பாரம் ஏறினால் இது பல ஆண்டுகள் மெல்ல மெல்ல அமுங்கும். தாமான் வீட்டுக்குப் பின்னால் சமையலறையை நீட்டிக் கட்டியவர்கள் பலர், பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் விரிசலைப் பார்த்திருப்பார்கள். பழைய பகுதி ஆழமான பைலிங் மீது அசையாமல் நிற்க, புதிய பகுதி மேல்மண்ணில் உட்கார்ந்து தனியாக இறங்குவதே பெரும்பாலும் காரணம்.

ஒரு சின்னக் கணக்கு. தூண் ஒன்று 20 டன் பாரத்தை இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் மண்ணில் அதன் பாதம் சுமார் 1.4 மீட்டர் சதுரமாக இருந்தால் போதும். 5 டன் மட்டுமே தாங்கும் மண்ணில் 2 மீட்டர் சதுரம் வேண்டும். அதையும்விட இளகிய மண் என்றால் பைலிங்தான் வழி. ஆகவே, பக்கத்து வீட்டு அளவைப் பார்த்துக் குழி தோண்டாதீர்கள். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். சிறிய வீடுகளுக்கு ‘மெக்கின்டோஷ் புரோப்’ சோதனை வழக்கத்தில் உள்ளது. அதைப் பார்த்துப் பொறியாளர் வரைபடம் போடட்டும். மாநகர் மன்ற அனுமதி கிடைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

கான்கிரீட் ஊற்றும் நாளில் நீங்களே குழி அருகே நின்று பாருங்கள்.

குழியில் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. மழையில் ஊறிச் சேறான மண்ணை அள்ளிவிட்டு, சுமார் 50 மில்லிமீட்டர் கனத்துக்கு மெலிந்த கான்கிரீட் போட வேண்டும். கம்பி வலை அதன்மேல்தான்.

மண் கீழிருந்து தள்ளும்போது பாதத்தின் அடிப்பக்கம்தான் இழுபடும். கம்பி அங்கே இருப்பது அதற்காகவே. ஆனால், அது தரையைத் தொடக் கூடாது. சிமெண்டுக் கட்டைகளை வைத்து, வரைபடம் சொல்லும் இடைவெளிக்கு, வழக்கமாக 50 மில்லிமீட்டருக்கு, உயர்த்த வேண்டும். இல்லையென்றால் ஈரம் ஏறிக் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும்.

கொட்ட எளிது என்று லாரிக் கலவையில் தண்ணீர் சேர்க்க வந்தால் தடுங்கள். கான்கிரீட்டின் பலம் குறைந்துவிடும். ஊற்றிய பின் ஒரு வாரமாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும்.

கம்பி கட்டி முடிந்ததும், அளவுநாடாவை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொறியாளர் வந்து பார்த்துச் சரியென்று சொல்லும்வரை கான்கிரீட் லாரியை அழைக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.