ஓட்டியது யார் என்று நீங்கள் சொல்லத்தான் வேண்டுமா?

முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள். கடிதத்துக்கு இன்றிரவே பதில் போட வேண்டிய அவசரம் இல்லை.

லண்டனில் நம் வீடுகளில் லாக் புக் அப்பா பெயரில் இருக்கும், காரை மகளும் மருமகனும் மாறி மாறி ஓட்டுவார்கள். சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கில் நேரம் கடந்துவிட்டது என்று ஒரு தனியார் கம்பனி 100 பவுண்ட் கேட்டால், கடிதம் அப்பாவுக்குத்தான் வரும். அவர் அன்று வீட்டை விட்டே வெளிக்கிட்டிருக்க மாட்டார். ஆனாலும் வீட்டில் யாராவது, "நான் மருந்து வாங்கத்தான் நிறுத்தினேன், வரிசை நீளமாக இருந்தது" என்று அவர் பெயரில் மனமுருகப் பதில் எழுதிவிடுவார்கள். கையில் இருந்த பலமான வாதம் அந்த ஒரு வரியோடு போய்விடும்.

ஏனென்றால் கம்பனியோடு ஒப்பந்தம் செய்தவர், பலகையைப் பார்த்தபின் காரை நிறுத்தியவர்தான். லாக் புக்கில் பெயர் உள்ளவர், அதாவது ரெஜிஸ்டர்ட் கீப்பர், அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அவரிடமும் பணம் கேட்க வழி விட்டது 2012ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம், அதன் 4ஆவது அட்டவணை. அதுவும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும், நிபந்தனைகளோடு. நிபந்தனை ஒன்று தவறினாலும் கம்பனி ஓட்டியவரைத் தேடித்தான் போக வேண்டும். அவர் யார் என்று இந்தக் கம்பனிக்குச் சொல்லச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பொய் சொல்லாதீர்கள், ஓட்டாத ஒருவரை ஓட்டினார் என்று எழுதாதீர்கள். "இந்த வாகனத்தின் ரெஜிஸ்டர்ட் கீப்பராக எழுதுகிறேன்" என்று தொடங்கி, "ஓட்டியவர்" என்றே முடிவுவரை எழுதுங்கள்.

இது தனியார் டிக்கெட்டுக்கு மட்டும். கவுன்சில் அனுப்புவது பெனால்ட்டி சார்ஜ், தனியார் அனுப்புவது பார்க்கிங் சார்ஜ். இரண்டையும் பிசிஎன் என்றே சுருக்குவதால் பலர் குழம்புகிறார்கள். கவுன்சில் டிக்கெட்டுக்கு வாகன உரிமையாளரே பொறுப்பு. வேகக் கேமராவில் பிடிபட்டுப் பொலிஸ் கேட்டால் ஓட்டியவரின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பதே குற்றம்.

இப்போது நாட்காட்டியை எடுங்கள். கண்ணாடியில் டிக்கெட் ஒட்டாமல், நம்பர் பிளேட் கேமராவை மட்டும் நம்பித் தபாலில் அனுப்பினால், நிறுத்திய மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். தபாலில் போட்டபின் வரும் இரண்டாவது வேலை நாளில் கிடைத்ததாகச் சட்டம் கொள்ளும். 2025 மார்ச் 1, சனிக்கிழமை கார் நின்றது என்று வையுங்கள். கெடு மார்ச் 15. புதன்கிழமை, 12ஆம் தேதி தபாலில் போட்டால் வெள்ளி கிடைத்ததாகக் கணக்கு, கம்பனி தப்பியது. ஒரே ஒரு நாள் பிந்தி வியாழன் போட்டால் இரண்டாவது வேலை நாள் திங்கள், 17ஆம் தேதி. இந்தச் சட்டத்தின்படி கீப்பரைப் பிடிக்க முடியாது. கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தால் கணக்கு வேறு: கீப்பருக்கான கடிதம் 29ஆம் நாளுக்கும் 56ஆம் நாளுக்கும் இடையில் வர வேண்டும்.

நாள் சரியாக இருந்தால் வாசகத்தைப் பாருங்கள். எவ்வளவு நேரம் நிறுத்தப்பட்டது என்று குறித்திருக்கிறதா? 28 நாளில் பணம் வராமல், ஓட்டியவரும் தெரியாமல் போனால் கீப்பரிடம் கேட்கும் உரிமை வரும் என்று எச்சரித்திருக்கிறதா? இடத்தையும் மறக்க வேண்டாம். துணைவிதிகளின் கட்டுப்பாட்டில் உள்ள விமான நிலைய, ரயில் நிலைய நிலத்தில் இந்த அட்டவணையே செல்லாது. ஊரிலிருந்து வருபவர்களை ஏற்றப்போய் டிக்கெட் வாங்கும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எல்லாம் சரியாக இருந்து பலகையும் தெளிவாக இருந்தால், கட்டிவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். "தனியார் டிக்கெட் செல்லாது" என்ற பழைய பேச்சை 2015இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணிநேர இலவச நிறுத்தத்தை ஏறக்குறைய ஒரு மணிநேரம் தாண்டிய பாரி பீவிஸ், 85 பவுண்ட் கட்ட வேண்டியதாயிற்று. ஆனால் அவரே அந்தக் காரை ஓட்டியவர். அந்தத் தீர்ப்பைக் கம்பனி உங்களிடம் நீட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

முறையீடு முதலில் கம்பனிக்கு. அது மறுத்தால், கம்பனி எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து பாப்லா அல்லது ஐஏஎஸ் என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். பாப்லாவில் நீங்கள் வென்றால் கம்பனி கட்டுப்பட வேண்டும். தோற்றாலும் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை உங்களுக்குப் போகாது. இடையில் கடன் வசூல் கம்பனிகள் சிவப்பு எழுத்தில் கூடுதல் தொகை கேட்டு எழுதும். அவை பெய்லிஃப் இல்லை, வீட்டுக்குள் வர முடியாது. அட்டவணையின்படி கீப்பரிடம் கேட்கக்கூடியது முதல் கடிதத்தில் குறித்த தொகைக்கு மேல் போகாது.

கவுன்ட்டி கோர்ட்டிலிருந்து வரும் கிளெய்ம் ஃபோர்ம் மட்டும் மேசையில் கிடக்கக் கூடாது. 14 நாளில் பெற்றதை ஒப்புக்கொண்டால் எதிர்வாதத்துக்கு மொத்தம் 28 நாள் கிடைக்கும். பேசாமல் இருந்தால் ஒரு தரப்புத் தீர்ப்பு வரும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது ஆறு வருடம் கடன் பதிவேட்டில் கிடந்து, மகளின் மோட்கேஜுக்கு அப்பா கூட்டாகக் கையெழுத்திடப் போகும்போது வெளியே வரும். வீடு மாறியவர்கள் லாக் புக்கில் விலாசத்தை மாற்றிவிட்டீர்களா என்று இன்றே பாருங்கள். கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருந்தால் இந்த நாள் கணக்கெல்லாம் உங்களுக்குத் தெரியாமலே ஓடி முடிந்திருக்கும்.