மஹரும் ஒரு கடன்தான்: மேலைநாட்டு நீதிமன்றங்கள் சொல்வது என்ன?

வாழைச்சேனைக் கடைத்தெருவில் நூறு மூடை சீமெந்தைக் கடனுக்குக் கொடுக்கும் வியாபாரி, பெயர், தொகை, திகதி மூன்றையும் கொப்பியில் எழுதாமல் லொறியை அனுப்பமாட்டார். அதே வியாபாரியிடம் மகளின் நிகாஹ் மஜ்லிஸில் மஹர் எவ்வளவு என்று பதிவாளர் கேட்டால், "ஏதாவது ஒரு தொகையைப் போடுங்க" என்று சொல்லிவிடுகிறார். கடனை எழுதிக்கொள்ளும்படி கூறும் சூறா பகராவின் 282ஆவது வசனம் கடைக்கு மட்டும் இறங்கியது என நினைத்துக்கொண்டோம் போலும்.

கொடுபடாத மஹர் கணவர் மீதுள்ள கடனாகும். அவர் மௌத்தானால், வாரிசுகளுக்குச் சொத்துப் பங்கிடுமுன் ஏனைய கடன்களோடு இதுவும் தீர்க்கப்படவேண்டும். இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மனைவி இதைக் காதி நீதிமன்றத்தில் கோரலாம். பெண் வீட்டார் கொடுத்த கைக்கூலியையும் அங்கேயே கேட்கலாம். ஆனால் இன்று நம் பிள்ளைகள் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடும்பம் நடத்துகின்றனர். அங்கே நமது காதியார் இல்லை.

அந்நாட்டு நீதிபதி ஷரீஆவை அமுல்படுத்துவதில்லை. "இது ஒரு ஒப்பந்தமா?" என்றுதான் பார்க்கிறார். 1965ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையில் வெளியான ஒரு வழக்கில், இந்தியாவில் நிகாஹ் செய்த பெண்ணுக்குப் பிற்போடப்பட்ட மஹரைக் கொடுக்கும்படி ஆங்கில நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பலதார மணத்துக்கு இடமளிக்கும் திருமணங்களுக்கு விவாகரத்து நிவாரணம் எதையும் அந்த நீதிமன்றங்கள் வழங்காத காலம் அது. அப்படியிருந்தும் ஒப்பந்தக் கடன் என்ற கதவால் மஹர் உள்ளே நுழைந்துவிட்டது.

அமெரிக்காவின் நியூஜேர்சியில் 2002இல் 10,000 டொலர் மஹர் வழக்குக்கு வந்தது. இது மத விடயம், நீதிமன்றம் தலையிடக்கூடாது என்றார் கணவர். நிகாஹின் வீடியோ நாடாவே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது! பேசி முடித்து, இரு தரப்பும் கைச்சாத்திட்டது அதில் தெளிவாகத் தெரிந்தது. மனைவி வென்றார். ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 1998இல் 30,000 டொலர் மஹரை, சமய விளக்கத்துக்குள் புகவேண்டிவரும் என்று கூறி நீதிமன்றம் மறுத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, அதே நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 20,000 டொலர் மஹர் ஏற்கப்பட்டிருந்தது. ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

ஜேர்மன் தீர்ப்புத்தான் நம்மவர்களைக் கூடுதலாக யோசிக்க வைக்கவேண்டியது. மக்கா யாத்திரைக்குச் செலவு செய்வதாக ஒரு கணவர் மஹர் வாக்குறுதி கொடுத்திருந்தார். 2020 மார்ச்சில் அந்நாட்டு உச்ச சிவில் நீதிமன்றம், இத்தகைய வாக்குறுதி நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் செல்லாது என்றது. அதில் மஹர் தவறென்று யாரும் சொல்லவில்லை. பத்திரம்தான் இல்லை. தொகை குறிக்கப்படாத இடத்தில், குடும்பத்தில் அவளையொத்த பெண்களின் மஹரைப் பார்த்து முடிவு செய்யும் 'மஹர் மித்ல்' வழி ஷரீஆவில் உண்டு. பேர்லின் நீதிபதியிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பவர்கள், தொகை எவ்வளவு, எந்த நாணயம், உடனே கொடுப்பதா பிற்போடுவதா, பிற்போட்டால் எப்போது கொடுப்பது என்பவற்றைத் தெளிவாக எழுதி, இரு தரப்பும் கைச்சாத்திட வைக்கவேண்டும். மாப்பிள்ளை வாழும் நாட்டுச் சட்டத்தரணி ஒருவரிடம் நிகாஹுக்கு முன்பே காட்டிவிடுவது இன்னும் நல்லது. அந்தச் செலவு கல்யாணப் பந்தல் செலவில் ஒரு மூலைக்கும் வராது.

நாணயத்தையும் மறக்கவேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்குப் போனது. ரூபாவில் எழுதிய மஹர் இரண்டே மாதத்தில் எவ்வளவு சுருங்கியது என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பவுண் கணக்கில் மஹர் எழுதியவர்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.