செஞ்சியில் எடுத்த படம், செஞ்சிக்கு வந்த படம்

செஞ்சிக் கோட்டைக்கு கேமரா ஒன்றும் புதுசில்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, கீழே கல்யாண மகால். எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் அழகாத்தான் வரும். கல்யாண ஜோடிகள் முதல் சினிமாக்காரங்க வரை வந்து எடுத்துட்டுப் போறாங்க. அந்தக் கடைசி வார்த்தையை கவனிங்க: எடுத்துட்டுப் போறாங்க. உள்ளூர்ப் படங்கள், சின்ன ஊர்த் திரைவிழாக்கள் பற்றி நான் சேர்த்து வைத்த குறிப்புகளை ஒன்றாக வைத்துப் படித்தபோது, விஷயம் முழுக்க அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது என்று தோன்றியது.

இரண்டு உதாரணம் சொல்றேன். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி உயிர்விட்ட தேஜ் சிங்தான் நம்ம ராஜா தேசிங்கு. கதைப்பாடலாக ஊர் ஊராகப் பாடப்பட்ட அந்தக் கதை, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' ஆனது. கதை செஞ்சியுடையது; சொன்னவர்கள் சென்னைக்காரர்கள்.

இரண்டாவது உதாரணம் பலருக்குத் தெரியாதது. செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி என்று ஓர் ஊர். பழைய செஞ்சி என்பார்கள். அங்குள்ள கோயில்தான் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கே மூலம் என்று பல ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்தப் பகுதியில் பல வருஷம் அலைந்து, 1988இல் இந்த வழிபாடு பற்றிப் பெரிய நூலின் முதல் பாகத்தை வெளியிட்டார். கூடவே 'லேடி ஆஃப் கிஞ்சி' என்று இரண்டு பாகத்தில் ஓர் ஆவணப்படமும் செய்தார். அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அது ஆய்வாளர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்குமான படம். தீ மிதிக்கிறவர் யார் வீட்டுப் பிள்ளை, கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர் எந்தத் தெரு என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்த வகுப்பறைகளில் இருக்க மாட்டார்களே!

சரி, இதற்கு மாற்று உண்டா? ரொம்ப தூரம் போக வேண்டாம். இதே விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரப் பக்கத்தில், செஞ்சியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் ஆரோவில் இருக்கிறது. 2009இல் அங்கே ஒரு திரைப்பட விழா தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்பது திட்டம். வெளிநாட்டுப் படங்களும் வரும். ஆனால் ஆரோவில்வாசிகள், மாணவர்கள், சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் எடுத்த படங்களுக்கும் அங்கே இடம் உண்டு. பக்கத்து கிராமத்துப் பையன் எடுத்த பத்து நிமிஷப் படமும் இருட்டான அரங்கில், பெரிய திரையில், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் படமாகிறது.

"யூடியூப் இருக்கே, அப்புறம் எதுக்கு விழா?" என்று நீங்க கேட்கலாம். யூடியூப் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும். யார் எங்கே சிரித்தார்கள், எந்த இடத்தில் நெளிந்தார்கள் என்று சொல்லாது. செஞ்சிப் பக்கத்து விவசாயியாக நடிப்பவர் 'வேர்க்கடலை' என்று வசனம் பேசினால் வெளியூர் ரசிகருக்கு ஒன்றும் உறுத்தாது. உள்ளூர் அரங்கம் உடனே பிடித்துவிடும், ஏன்னா இங்கே அது மல்லாட்டை. அந்தச் சிரிப்பைக் கேட்ட இயக்குநர் அடுத்த படத்தில் காதைத் தீட்டிக்கொண்டு வருவார். ஊர்ப் படம் தேறுவது இப்படித்தான்.

மகாராஷ்டிரத்தின் மாலேகாவ் இதற்கு நல்ல சாட்சி. விசைத்தறி ஊர். அங்கே வீடியோ பார்லர் நடத்திவந்த நாசிர் ஷேக், தறித் தொழிலாளிகளை வைத்து 'ஷோலே'யையே மாலேகாவ் பாணியில் எடுத்தார். சைக்கிள் மேல் கேமராவை வைத்துத் தள்ளிக்கொண்டே படம் பிடித்த கதையெல்லாம் 2008இல் ஃபைசா அகமது கான் எடுத்த 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்' ஆவணப்படத்தில் இருக்கிறது. 2024இல் ரீமா காக்டி அதை முழுநீளப் படமாகவும் எடுத்தார். எல்லாரும் அந்த சைக்கிளைத்தான் ரசிக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை. அவரிடம் முதலில் இருந்தது படம் காட்டுகிற இடம்; கேமரா பிறகுதான் வந்தது.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 1952 ஒளிப்பதிவுச் சட்டப்படி பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விழாக்களுக்கு மத்திய அரசு விலக்கு தரலாம், தராமலும் இருக்கலாம். 2017இல் கேரள ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு வரவேண்டிய மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டு விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனது. அதனால் ஊரில் விழா நடத்த நினைப்பவர்கள் தேதி குறிப்பதற்கு முன்னாடியே இதை விசாரித்து வைப்பது நல்லது.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருப்பது செஞ்சி மட்டும்தான். இனி ட்ரோன்கள் இன்னும் நிறைய வரும், ராஜகிரியை மேலிருந்து இன்னும் அழகாகக் காட்டும். கீழே கமிட்டிக்கு மூட்டை கொண்டுவருகிறவரையும், பங்குனி முழுக்க ராத்திரி கண்விழித்துக் கூத்தாடுகிறவரையும் யார் எடுப்பது? எடுத்தாலும், யாருக்குக் காட்டுவது?

கேமரா இப்போ எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. இல்லாதது திரை. ஒரு கல்யாண மண்டபம், வாடகைக்கு ஒரு புரொஜெக்டர், ஓரளவு ஒலிபெருக்கி, வருஷத்தில் ஒரு சாயங்காலம் போதும். காட்டிய படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்க. எந்த ஊர், எந்த வருஷம், திரையில் தெரிகிறவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்க. அந்தப் பெயர்களை இன்றைக்கு ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முப்பது வருஷம் கழித்து அந்தத் தாள் மட்டும்தான் சொல்லும்.