சாணை பிடிப்பதும் வேலைதான்

பல தச்சுப் பட்டறைகளில் இப்போது சாணைக்கல் மூலைக்குப் போய்விட்டது. மரம் தேய்க்க வாங்கிய பெல்ட் சாண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைஸில் இறுக்கி, சுவிட்சை லாக் போட்டுவிட்டால், உளிக்கும் இழைப்புளி அலகுக்கும் சாணை பிடிக்க ஓடும் பட்டை ஒன்று தயார். கல்லில் வெகுநேரம் தேய்க்க வேண்டிய வாய் இதில் ஐந்து நிமிடத்தில் நேராகிவிடும். முறை தெரிந்து செய்தால் நல்ல வழிதான், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை யாரும் வேலையாக மதிப்பதில்லை. இரண்டு வேலைகளுக்கு நடுவே அவசரமாக நடக்கிற காரியம் என்பதால் கண்ணாடி போடுவதில்லை, தூசிப்பையைக் கழற்றுவதில்லை. அடிபட்டால், "உளி அவருடையது, அவர் தீட்டிக்கொண்டார், எனக்கென்ன?" என்று பட்டறைக்காரர் ஒதுங்குகிறார். அடிபட்டவரும் அதை நியாயம் என்றே நம்பி, கைக்காசைப் போட்டு வைத்தியம் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். உளி யாருடையதாக இருந்தாலும் அது கூர்மையானது பட்டறையின் கதவையும் ஜன்னலையும் செய்யத்தான்.

முதலில் கண். பட்டையிலிருந்து பறக்கும் ஒவ்வொரு பொறியும் எரிகிற எஃகுத் துகள். பெரும்பாலும் அது கருவிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரத்திலேயே துகளைச் சுற்றித் துரு இறங்கி வளையமாகப் படியத் தொடங்கும். துகளை எடுத்த பிறகும் அந்த வளையத்தை மருத்துவர் தனியாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். வேகமாகப் பறந்த சில்லு கண்ணைத் துளைத்து உள்ளே போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். தொடக்கத்தில் வலி பெரிதாக இல்லாமலும் இருக்கலாம். உள்ளே தங்கிய இரும்பு நாளாக நாளாக விழித்திரையைக் கெடுத்துப் பார்வையைப் பறித்துவிடும்.

கண்ணில் ஏதோ விழுந்தது என்றால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவலாம். அதில் போகவில்லையென்றால் துணி முனையாலோ தீக்குச்சியாலோ எடுத்துவிடப் பக்கத்தில் இருப்பவரை அனுமதிக்க வேண்டாம். குத்தியது போல இருந்தாலோ பார்வை மங்கினாலோ கழுவவும் வேண்டாம். அழுத்தாமல் மேலே ஒரு மூடி மட்டும் வைத்துக்கொண்டு கண் மருத்துவமனைக்குப் போங்கள். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் புண்ணில் கிருமி பெருகும். மருத்துவரிடம் "தூசி விழுந்தது" என்று மட்டும் சொல்லாமல் "இரும்பு தீட்டும்போது விழுந்தது" என்று சொல்லுங்கள். பல வருடம் கழித்து வேறு நோய்க்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும் இதைச் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் தங்கிய இரும்புத் துண்டை அந்த மெஷினின் காந்தம் அசைத்துவிடக்கூடும்.

இத்தனையையும் தடுப்பது பக்கவாட்டையும் மூடுகிற ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. படிக்கிற கண்ணாடி இதற்கு ஈடாகாது, ஓரங்கள் திறந்தே இருக்கின்றன.

அடுத்தது பட்டை ஓடும் திசை. உளியின் வாயிலிருந்து பட்டை விலகி ஓட வேண்டும். வாயை எதிர்த்து ஓடினால் கூர்முனை பட்டையில் குத்தும், பட்டை கிழியும், உளி கையை விட்டுப் பறக்கும். பட்டையின் உள்பக்கம் போட்டிருக்கும் அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். மெஷினைக் கவிழ்க்கும்போது திசை குழம்பிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஓடவிட்டுப் பார்த்த பிறகே உளியை வையுங்கள். இதற்கென்று ஸ்டாண்டு விற்கும் கம்பெனிகள் உண்டு, உங்கள் மெஷினுக்கு இருந்தால் வாங்கிவிடுங்கள். சுவிட்சை லாக் போட்டிருப்பதால் பிளக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். துணிக் கையுறை வேண்டாம். பட்டைக்கும் உருளைக்கும் நடுவே சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தோளில் துண்டு, மணிக்கட்டில் கோயில் கயிறு இரண்டுக்கும் அதே ஆபத்துதான். 18 வயது ஆகாத பையனை இந்த மெஷின் முன் நிறுத்தவே கூடாது.

வெறுங்கையில் பிடிப்பதில் இன்னொரு நன்மை, சூடு உடனே தெரியும். இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள். வாயோரம் நீலம் பாய்ந்தால் எஃகு ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடம் பதம் இழந்துவிடும், நீலம் தீரும்வரை தேய்த்து எடுத்தால்தான் உளி மறுபடி நிற்கும். பட்டையில் 25 டிகிரிச் சரிவு வந்ததும் நிறுத்திவிட்டு, கடைசிக் கூரை எண்ணெய்க்கல்லில் தீட்டுவது உளிக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது. கார்பைடு முனை வைத்த பிளேடையும் ரவுட்டர் பிட்டையும் இந்தப் பட்டைப் பக்கமே கொண்டுவராதீர்கள். அவற்றின் தூளில் உள்ள கோபால்ட் நுரையீரலைக் கெடுக்கும்.

பட்டறையே எரிந்துபோகும் ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. சாண்டரின் தூசிப்பையில் காலையில் தேய்த்த தேக்குத் தூள் இருக்கிறது. மாலையில் அதே மெஷினில் உளி தீட்டினால் பொறிகள் நேராக அந்தப் பைக்குள் போகின்றன. உடனே தீ தெரியாது. தூளுக்குள் கனன்று கிடந்து, எல்லோரும் பூட்டிவிட்டுப் போன பிறகு பற்றும். அதே கூரையின் கீழ் தின்னர் டப்பாவும் சீலரும் பாலிஷும் இருந்தால் அணைக்க அவகாசமே கிடைக்காது. எனவே பையைக் கழற்றி, மெஷினைத் தட்டித் துடைத்து, மரத்தூள் இல்லாத இடத்தில், முடிந்தால் வெளி வாசலில் தீட்டுங்கள். முடித்த பிறகு மோட்டாருக்குள் போன இரும்புத் தூளையும் ஊதி எடுக்க வேண்டும். அது மின்சாரத்தைக் கடத்தும். பட்டறை இணைப்பில், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது உயிரைக் காக்கும்.

இனி உரிமை. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. அது இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஏழாம் அத்தியாயமாக இருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் மெஷின் வைத்துப் பொருள் செய்யும் பட்டறையில் நாலு பேர்தான் வேலை செய்கிறார்கள் என்பது தப்பிக்கும் வழி ஆகாது. ஒரு கண் பார்வை முழுவதும் போய் மற்றது நன்றாக இருந்தால் உழைக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்று அட்டவணை சொல்கிறது. பெருவிரல் போனாலும் 30, ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. மாதம் 15,000 ரூபாய் கூலி வாங்கும் 30 வயதுத் தச்சருக்கு ஒரு கண் பார்வை போனால், கூலியில் 60 விழுக்காடான 9,000 ரூபாயை அந்த வயதுக்குரிய 207.98-ஆல் பெருக்கி, அதில் 30 விழுக்காடு எடுக்க வேண்டும். கிட்டத்தட்ட 5,61,500 ரூபாய் வரும். ஆஸ்பத்திரி வாசலில் பத்தாயிரத்தைக் கையில் திணித்து முடித்துவைக்கப்படும் வழக்கின் சட்ட மதிப்பு இது. "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிய கையெழுத்து இந்த உரிமையை அழிக்காது.

தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விலக்கும் உண்டு. குடித்துவிட்டு மெஷினைத் தொட்டிருந்தாலோ, பாதுகாப்புக்காகக் கொடுத்த கவசத்தை வேண்டுமென்றே கழற்றியிருந்தாலோ முதலாளி பொறுப்பிலிருந்து விலகலாம். உயிர் போன வழக்கிலும் முழு ஊனமான வழக்கிலும் இந்த விலக்கு செல்லாது. கண்ணாடி வாங்கியே வைக்காத முதலாளி இதைக் காரணம் காட்டவும் முடியாது.

வழக்கு நிற்பதும் விழுவதும் முதல் நாளில்தான். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது "வீட்டில் நடந்தது என்று சொல்லிவிடு" என்பார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். எந்தப் பட்டறையில், எந்த மெஷினில், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். மெஷினைப் படம் எடுத்து வையுங்கள். கூலி ஜிபேயில் வந்திருந்தால் அந்தப் பதிவே நீங்கள் அங்கே வேலை செய்ததற்குச் சாட்சி. முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, தராவிட்டால் 2 ஆண்டுக்குள் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனு போட வேண்டும். தர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதம் தாண்டினால் 12 விழுக்காடு வட்டி சேரும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பட்டறையில் மாதம் 21,000 ரூபாய்வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அவருக்கு இழப்பீடு முதலாளியிடமிருந்து வராது, இ.எஸ்.ஐ. வழியாக வரும். வேலைக்குச் சேர்ந்த அன்றே அடிபட்டாலும் கிடைக்கும். கட்டட வேலைக்குப் போகும் தச்சர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

சொந்தமாகப் பட்டறை வைத்துத் தனியாக உழைப்பவருக்குக் கேட்க முதலாளி இல்லை. அவர் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருக்கலாம். விபத்தில் ஒரு கண் பார்வை மீளாமல் போனால் 1 லட்சம் ரூபாய் கிடைக்கும். அந்த 20 ரூபாய் மே மாதக் கடைசியில் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மெஷினே பழுதாக வந்திருந்தால், பிழைப்புக்காகத் தானே உழைக்க வாங்கியவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம். ஆனால் கவிழ்த்து வைத்து ஓட்டக் கூடாது என்று கையேட்டில் அச்சிட்டிருந்தால் கம்பெனி அதைத்தான் முதலில் காட்டும், ஆகவே தீட்டத் தொடங்கும் முன்பே கையேட்டைப் படித்துவிடுங்கள். கடை பில்லை வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுங்கள். அந்தத் தாளில் எழுத்து நாளடைவில் மங்கிப்போகும்.